முகத்துல எண்ணெய் வழியுதா? கண்ட கிரீமைப் பூசாதீங்க!

சென்னை,

தாம்பரத்தில் பவுடர் பூசிய முகத்தோடு மின்சார ரெயில் ஏறுகிறார்கள். கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது முகத்தில் எண்ணெய் வழிகிறது! "என்னப்பா, எண்ணெய்ச் சட்டியில விழுந்துட்டியா?" என்று ஆபீசில் கிண்டல் வேறு.

உடனே குழாயடிக்கு ஓடி, சோப்பைப் போட்டு தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். இது தப்பு. எண்ணெய் அழுக்கு அல்ல. தோலுக்குள் உள்ள சுரப்பிகள் சுரக்கும் கொழுப்பு. நெற்றி, மூக்கு, முகவாயில் இவை அதிகம். தேய்த்தால் தோல்தான் எரியும், சுரப்பு நிற்காது.

2 வேளை போதும்

காலை, மாலை மென்மையான பேஸ்வாஷ் போட்டுக் கழுவினால் போதும். சாலிசிலிக் அமிலம் கலந்தது, மயிர்த்துளை அடைப்பை நீக்கும். நடுவில் வழிந்தால் மெல்லிய தாளால் ஒற்றி எடுக்கலாம். முல்தானி மெட்டி எண்ணெயை உறிஞ்சும். ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஸ்டீராய்டு ஆபத்து

"பரு போகணும், முகம் வெளுக்கணும்" என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்! தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். புதுப் பரு கிளம்பும். நிறுத்தினாலோ எரிச்சல்!

அதனால்தான் 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணெய் வழிந்தால் துடைச்சுக்கலாம். தோலே கெட்டுப்போனால்?