நானோ துகள் கலந்த வெட்டுத் திரவம்: குளிர்விப்பா, உயவா?

ஆய்வுச் சுருக்கம்

உலோகத்தை வெட்டும்போது பயன்படும் திரவத்தில் நானோ துகள்களைக் கலந்தால் வெட்டுளியின் ஆயுள் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகக் குறைந்த அளவில் தெளிக்கப்படும் எண்ணெயில், இப்பயன் வெப்பக் கடத்தலால் அன்றி உராய்வுக் குறைப்பாலேயே பெரிதும் விளைகிறது என்பதை எளிய கணக்கின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெட்டுத் திரவம், நானோ துகள், உயவு, டைட்டானியம்.

முன்னுரை

வெட்டுமுனையின்மீது நீரைப் பாய்ச்சினால் வெட்டுவேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை உயர்த்தலாம் என அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர் 1883இல் கண்டறிந்தார். இன்று பட்டறைகளில் ‘கூலண்ட்’ எனப்படும் திரவம் நிமிடத்திற்குப் பல லிட்டர் அளவில் பாய்ச்சப்படுகிறது. கழிவை அகற்றும் செலவும், தொழிலாளர்களுக்கு ஏற்படும் தோல் அழற்சியும் இம்முறையின் குறைகளாகும். இதற்கு மாற்றாக, மணிக்கு 10 முதல் 100 மில்லிலிட்டர் எண்ணெயை மட்டும் அழுத்தக் காற்றுடன் தெளிக்கும் முறை உருவானது. இதன் குளிர்விக்கும் திறன் குறைவு. அதனை ஈடுசெய்யவே எண்ணெயில் நானோ துகள்கள் சேர்க்கப்படுகின்றன.

வெப்பக் கணக்கு

1995இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஸ்டீபன் சோய், உலோகத் துகள்கள் கலந்த திரவம் வெப்பத்தை நன்கு கடத்தும் என்று முன்மொழிந்தார். ஆனால், கோள வடிவத் துகள்களுக்கான மேக்ஸ்வெல் கோட்பாட்டின்படி, பருமனில் 1 விழுக்காடு துகள் சேர்த்தால் கடத்துத்திறன் ஏறத்தாழ 3 விழுக்காடே உயரும். முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் இணைந்து 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வும் இத்தகைய கோட்பாட்டோடு ஒத்துப்போனது.

டைட்டானியக் கலவை ஒன்றை நிமிடத்திற்கு 60 மீட்டர் வேகத்தில், 1000 நியூட்டன் விசையுடன் கடைவதாகக் கொள்வோம். செலவாகும் திறன் 1000 வாட். ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. மணிக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெய் தெளிக்கப்பட்டு 200 டிகிரி சூடேறினாலும், அது ஏற்றுச்செல்லும் வெப்பம் ஏறத்தாழ 5 வாட் மட்டுமே. கடத்துத்திறன் சற்று உயர்வதால் இந்நிலை மாறிவிடாது. அழுத்தக் காற்று எடுத்துச்செல்லும் வெப்பமோ துகள்களைச் சார்ந்ததன்று.

உராய்வுக் கணக்கு

இதற்கு மாறாக, உராய்வு குறைந்து வெட்டுவிசை 10 விழுக்காடு தாழ்ந்தால், பிறக்கும் வெப்பமே 100 வாட் குறையும். வெப்பத்தை வெளியேற்றுவதினும் அது பிறவாமல் தடுப்பதே இங்குப் பெரும்பயன் தருகிறது. டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெப்பத்தின் பெரும்பங்கு வெட்டுளியைச் சேர்கிறது. இவ்வுலோகத்தில் உராய்வுக் குறைப்பு மேலும் இன்றியமையாததாகிறது.

வெட்டுமுனையை ஒட்டிய பகுதியில் சீவல் மிகுந்த அழுத்தத்துடன் ஒட்டியிருப்பதால் எண்ணெய் அங்கு நுழைவதரிது. அதனை அடுத்துச் சீவல் வழுக்கிச்செல்லும் பகுதியிலேயே துகள்கள் செயற்படுகின்றன. மாலிப்டினம் டைசல்பைடின் அடுக்குகள் ஒன்றன்மீதொன்று எளிதில் வழுக்கும். எனினும் காற்றில் ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசுக்கு மேல் அது ஆக்சிசனேற்றமடைந்து பயனிழக்கும். அறுகோண போரான் நைட்ரைடு அதனினும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். அலுமினா கடினமானது, துகள்கள் திரண்டால் உயவுக்கு மாறாகத் தேய்மானத்தை விளைவிக்கக்கூடும். எனவே, துகளைத் தேர்வதற்குக் கடத்துத்திறன் அட்டவணை மட்டும் போதாது.

நிலைப்பும் தொழிலாளர் நலனும்

ஸ்டோக்சின் விதிப்படி, படியும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். துகள்கள் திரண்டு பத்து மடங்கு பெரிதானால் நூறு மடங்கு விரைவாக அடியில் படியும். மீயொலியால் கலக்குவதும், பரப்புச் செயலிகளைச் சேர்ப்பதும் இதனைத் தாமதப்படுத்தும்.

தெளிப்பு முறையில் எண்ணெய் மூடுபனியாகிறது. துகள்களும் அதனுடன் தொழிலாளரின் மூச்சில் கலக்கின்றன. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் கார்பன் நானோகுழாய்களுக்கு 2013இல் பரிந்துரைத்த வரம்பு, கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் மட்டுமே. கழிவைக் குறைக்க வந்த முறை நுரையீரலுக்குத் தீங்காகிவிடக் கூடாது. மூடிய இயந்திர அறையும் காற்று உறிஞ்சியும் இம்முறையின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும்.

முடிவுரை

சிறிதளவே தெளிக்கப்படும் திரவத்தில் நானோ துகளின் முதன்மைப் பணி உயவே ஆகும். ஆகவே, வெட்டுமுகத்தின் வெப்பநிலையில் வழுக்கும் தன்மை, படியாது நிற்கும் காலம், சுவாசப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளந்து துகளைத் தேர்வதே பட்டறைக்குப் பயன்தரும்.