சுண்ணக்கல்லும் நமது குடிநீரும்

யாழ். குடாநாட்டில் கிணறு வெட்டுவோர் செம்பாட்டு மண்ணைக் கடந்ததும் சந்திப்பது சுண்ணக்கல்லையே. புத்தளம் தொடக்கம் மன்னார் ஊடாகக் குடாநாடு வரை நீளும் இப்பாறைப் படை, இற்றைக்கு 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட மயோசீன் காலத்தில் கடலடியில் உருவானதாகும். இலங்கையின் மயோசீன் படைகள் பற்றி வேலண்ட், டேவிஸ் ஆகியோர் 1923ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

அக்கடல் எத்தகையது என்பதற்கு இத்தகைய கல்லே சான்று பகர்கின்றது. பாறை அமைக்கும் முருகை உயிர்கள் சூரிய ஒளி எட்டும் வெதுவெதுப்பான, தெளிந்த நீரிலேயே செழித்து வளர்பவை. எனவே அவை நின்ற நிலையிலேயே கல்லாகியிருப்பின் அவ்விடம் ஆழமற்ற கடலாக இருந்துள்ளது. உடைந்த சிப்பித் துண்டுகள் செறிந்திருப்பின் அங்கு அலைகள் மோதின என்றும், நுண்ணிய சுண்ணச் சேறு இறுகியிருப்பின் அது அலையோய்ந்த களப்பு என்றும் புவிச்சரிதவியலாளர் கொள்வர். மணலும் களியும் அரிதாயின், பெரிய ஆறு எதுவும் அருகே கடலில் கலக்கவில்லை என்பது பொருள்.

இது வெறும் பழங்கதை என ஒதுக்கத்தக்கதன்று. கடல் விலகிய பின்னர் மழைநீர் இக்கல்லின் வெடிப்புகளைக் கரைத்து நிலக்கீழ் வழிகளை உண்டாக்கியது. வற்றாத ஆறுகள் இல்லாத குடாநாட்டில், அவற்றில் தங்கும் மழைநீரே நெடுங்காலமாக மக்களின் குடிநீராக இருந்து வந்துள்ளது. அது உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக உள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நீரியல் விதி. மேலும், நீரை விரைந்து உள்வாங்கும் அதே வழிகள், உர நைத்திரேற்றையும் மலசலகூடக் கழிவையும் அவ்வாறே கொண்டு செல்கின்றன.

காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் செயலிழந்த பின்னரும் அதற்காகத் தோண்டிய குழிகள் எஞ்சின. புத்தளம் அருவக்காலுவில், சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்துக்குக் கொழும்புக் குப்பையைக் கொண்டுவரும் திட்டத்தை 2018, 2019ஆம் ஆண்டுகளில் அப்பகுதி மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்களது அச்சத்தில் நியாயம் உண்டு.

அகழ்வுக்கோ கழிவு கொட்டுவதற்கோ அனுமதி வழங்குமுன் அவ்விடத்துப் பாறைப் படைகளையும் நிலக்கீழ் நீரோட்டத்தையும் ஆராய்ந்து, முடிவுகளை மக்களுக்குப் பகிரங்கப்படுத்த வேண்டும். பல மில்லியன் ஆண்டுகளில் உருவான நீர்க்கலத்தை ஒருமுறை உடைத்தால் மீண்டும் ஆக்கிக்கொள்ள எவராலும் இயலாது என்பதை நாம் சம்பந்தப்பட்டோருக்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.