இலக்குக்குப் பின்னால் ஓர் ஊர்

1942. ஜெர்மன் படையின் தாக்குதலில் ஸ்டாலின்கிராட் நகரம் இடிந்து கிடக்கிறது. அந்த இடிபாடுகளுக்குள் இரண்டு ஸ்னைப்பர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். 2001-ல் வெளியான 'எனிமி அட் தி கேட்ஸ்' படத்தின் கதை இது. சோவியத் வீரர் வசிலி சைட்செவ் நிஜ மனிதர்; அந்தப் போரில் 225 பேரைச் சுட்டு வீழ்த்தியதாகச் சோவியத் கணக்கு சொல்கிறது. அவரைக் கொல்ல அனுப்பப்படும் ஜெர்மன் மேஜர் கோனிக் உண்மையில் இருந்தாரா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. படத்தில் இருவருக்கும் நடுவே சிக்கி உயிரை விடுபவன் சாஷா என்ற சிறுவன்.

குறிவைத்த இடத்தில் தோட்டாவின் கதை முடிந்துவிடும் என்று இத்தகைய படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அப்படி முடிவதில்லை என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தெரியும்.

விஜயாலய சோழீச்சரம் நிற்கும் நார்த்தாமலைக்கு அருகே, பசுமலைப்பட்டியில் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தளத்தைத் தாண்டி வந்த குண்டு, கொத்தமங்கலப்பட்டியில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனின்றி, 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். ஊர் மக்கள் சாலையில் இறங்கினார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டது.

போர் நடக்காத ஊரில், வீட்டில் இருந்த ஒரு பிள்ளைக்கு நேர்ந்த சாவு இது.

காரணம் எளிய இயற்பியல். சில நூறு மீட்டரில் இருக்கும் அட்டையைக் குறிவைத்தாலும், ராணுவ ரைபிளின் 7.62 மி.மீ. தோட்டா தடையின்றிப் போனால் 3 கிலோமீட்டரையும் தாண்டும். துப்பாக்கி முனை இம்மி உயர்ந்தால் போதும், அட்டைக்குப் பின்னால் தடுப்பாக இருக்கும் மண்மேட்டுக்கு மேலே போய்விடும். பாறையில் பட்டாலோ எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காவலர்களுக்கும் வீரர்களுக்கும் பயிற்சி தேவை, அதில் மறுபேச்சில்லை. ஆனால், தளத்தின் எல்லை வேலியோடு முடிந்துவிடாது. தோட்டா போகக்கூடிய தூரம் முழுவதும் அதன் எல்லைதான். அந்த எல்லைக்குள் வீடோ, வயலோ, மேய்ச்சல் நிலமோ இருந்தால் அங்கே சுடக் கூடாது. சிவப்புக் கொடியும் முன்னறிவிப்பும் தளத்துக்குள் வருபவரைத் தடுக்கும். வீட்டுக்குள் சாப்பிட உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காக்காது. மாநிலத்தின் ஒவ்வொரு சுடு தளத்தையும் இந்தக் கணக்கில் மறுபடியும் அளந்து, தேறாதவற்றை நிரந்தரமாக மூட வேண்டும்.