பெருங்குடல் பாலிப்: கருவி காட்டியும் கண்ணுக்குத் தப்புவது ஏன்?



சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரையும் மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று என்பதை நாம் அறிவோம். இந்நோய் பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. குடலின் உட்சுவரில் சிறு பருவைப்போல் முளைக்கும் பாலிப், அதிலும் குறிப்பாக அடினோமா எனும் வகை, பல ஆண்டுகள் மெல்ல வளர்கிறது. அவற்றுள் சில பின்னர் புற்றாக மாறுகின்றன. ஆகவே பாலிப்பைப் பார்த்த இடத்திலேயே அகற்றிவிட்டால் நோயையே தடுத்துவிடலாம்.

ஹிரோமி ஷின்யா எனும் ஜப்பானிய மருத்துவர் 1969ல் நியூயார்க்கில், வயிற்றைக் கிழிக்காமல், கொலனோஸ்கோப்பிக் குழாயின் வழியே கம்பிச் சுருக்கை நுழைத்துப் பாலிப்பை அறுத்தெடுத்தார். பிறகு அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வு, அடினோமா அகற்றப்பட்ட 1,418 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஒப்பிடப்பட்ட மற்றப் பிரிவினரைவிட இவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 76 முதல் 90 விழுக்காடு வரை குறைவாகவே வந்தது என்று 1993ல் அறிவித்தார்கள்.

எண்டோஸ்கோப்பி அறையில் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இது தெரிந்ததும் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்க உட்காரும்போதெல்லாம் யாராவது பக்கத்தில் வந்து சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு ஓர் அம்மையார் கேட்டதை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. "அக்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் டியூப் விட்டுப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க. இப்ப எப்படி எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு?"

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. புதிதாக முளைத்து மிக விரைவாக வளர்ந்ததாக இருக்கலாம். முன்பு எடுத்த பாலிப்பின் மிச்சம் தங்கியிருக்கலாம். ஆனால் இத்தகைய புற்றுநோய்களில் பெரும்பகுதி, முதல் சோதனையின்போதே இருந்தும் கண்ணில் படாதவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். குழாயை மறுமுனை வரை கொண்டுபோய், திரும்ப வெளியே இழுத்து வரும்போதுதான் மருத்துவர் ஒவ்வொரு மடிப்பின் பின்புறத்தையும் கவனித்துப் பார்க்கிறார். குமிழ்போல் தொங்கும் பாலிப் எளிதில் தெரிந்துவிடும். தட்டையாகப் படர்ந்ததும் குழிந்ததும் அப்படியல்ல. இவற்றைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னவர்கள் ஜப்பானியர்களே; மேற்கத்திய மருத்துவர்கள் நெடுநாள் நம்பாமலிருந்தார்கள்.

அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த டாக்டர் டக்ளஸ் ரெக்ஸ் குழுவினர் 1997ல் வெளியிட்ட ஆய்வு துணிச்சலானது. 183 பேருக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோப்பி செய்தார்கள். முதல் முறையில் தவறிப்போன அடினோமாக்கள் 24 விழுக்காடு! ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 6 விழுக்காடு. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றில் 27 விழுக்காடு. பார்த்தவர்கள் அனுபவமிக்க மருத்துவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து 2006ல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் 12 மருத்துவர்களின் கையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். பாலிப் எதுவும் எடுக்காத சோதனைகளில், குழாயை வெளியே எடுக்க ஒருவருக்குச் சராசரியாக 3.1 நிமிடம், இன்னொருவருக்கு 16.8 நிமிடம்! ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் அடினோமா போன்ற கட்டிகளைக் கண்டார்கள், அவசரப்பட்டவர்கள் 11.8 விழுக்காட்டினரிடமே கண்டார்கள். அப்படியானால் எல்லோரும் ஏழு நிமிடம் எடுக்க வேண்டும் என்று விதித்துவிட்டால் போதுமா? பாஸ்டனில் அப்படியும் செய்து பார்த்து 2008ல் வெளியிட்டார்கள். நேரம் கூடியது, பாலிப் எண்ணிக்கை கூடவில்லை. மடிப்புகளைப் பிரித்து, தேங்கிய நீரை உறிஞ்சி, குடலைக் காற்றால் விரித்துப் பார்ப்பதற்கு அந்த நேரம் செலவானால்தான் பலன். அறையில் நின்று பார்த்த எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

ஒரு மருத்துவர் பரிசோதிப்பவர்களில் எத்தனை விழுக்காட்டினரிடம் அடினோமா காண்கிறார் என்பதை அவருடைய கண்டறியும் விகிதம் என்கிறார்கள். போலந்து ஆய்வாளர்கள் 2010ல் 45,026 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். இவ்விகிதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மருத்துவர்களிடம் சோதித்துக்கொண்டவர்களுக்கு, அடுத்த சோதனைக்கு முன்பே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது. கலிபோர்னியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமான சோதனைகளை ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவரின் விகிதம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் அவரிடம் வந்தவர்களின் புற்றுநோய் ஆபத்து 3 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. ஆகவே "உங்கள் கண்டறியும் விகிதம் என்ன, டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை. நல்ல மருத்துவர் முகம் சுளிக்கமாட்டார்.

கண்டால் மட்டும் போதாது. அது எத்தகையது என்றும் அறிய வேண்டுமே. ஷின்-எய் கூடோ எனும் ஜப்பானிய மருத்துவர் 1990களில், சாயம் தெளித்துப் பெரிதாக்கிப் பார்த்து, பாலிப்பின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளின் வடிவத்தைக் கொண்டே அதன் தன்மையை வகைப்படுத்தினார். பின்னாளில் சாயத்துக்குப் பதிலாக நீலமும் பச்சையுமான குறுகிய ஒளியில் இரத்த நாளங்களை எடுத்துக்காட்டும் கருவி வந்தது. மலக்குடல் அருகே இருக்கும் தீங்கற்ற மிகச் சிறு பாலிப்பை எடுக்காமலே விட்டுவிடலாம் என்றால் திசுச் சோதனைச் செலவு மிச்சமாகும். ஆனால் அதற்கு, "இது அடினோமா அல்ல" என்று மருத்துவர் 100 முறை சொன்னால் குறைந்தது 90 முறை சரியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க எண்டோஸ்கோப்பிச் சங்கம் 2011ல் அளவுகோல் வகுத்தது. சிறப்பு மையங்கள் எட்டிய இந்த அளவை அன்றாட நடைமுறையில் பலரால் எட்ட முடியவில்லை. திசுச் சோதனையின் முடிவு வரக் காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பதே நல்லது.

இப்போது கணினியும் துணைக்கு வந்துவிட்டது. திரையில் பாலிப் தெரிந்தவுடன் செயற்கை நுண்ணறிவு அதைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும். சீனாவில் 1,058 பேரிடம் நடந்த ஆய்வில், கணினித் துணையோடு 29.1 விழுக்காட்டினரிடமும், துணையின்றி 20.3 விழுக்காட்டினரிடமும் அடினோமா கண்டறியப்பட்டதாக 2019ல் வெளியிட்டார்கள். கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை. 2025ல் போலந்திலிருந்து வந்த செய்தியோ சற்றுச் சிந்திக்க வைக்கிறது. கணினித் துணைக்குப் பழகிய பின், அதே மருத்துவர்கள் துணையின்றிச் செய்த சோதனைகளில் கண்டறியும் விகிதம் 28.4லிருந்து 22.4 விழுக்காடாக இறங்கியது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. கணினியை ஒதுக்கவும் தேவையில்லை. ஆனால் மடிப்பின் பின்னால் மறைந்திருப்பதைக் கணினியாலும் காண முடியாது. குழாயைத் திருப்பிக் காட்டுவது மனிதக் கைதான்.

சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. அதில் இரத்தம் இருப்பதாக வந்தால், "மூலமாக இருக்கும்" என்று விட்டுவிடாமல் கொலனோஸ்கோப்பிக்குச் செல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் 50 வயது வரை காத்திராமல் மருத்துவரை அணுகுவது அவசியம்.

சோதனைக்குச் செல்லும் நம் மக்கள் தடுமாறுவது பேதி மருந்தில்தான். குடலில் கசடு இருந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. சைவ உணவினர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, எள், தக்காளி விதை ஆகியவற்றை மருத்துவமனை குறிப்பிட்ட நாளிலிருந்து தவிர்த்து, வெள்ளைச் சோறு, தயிர், ரவை கஞ்சி என்று எளிதாக உண்ணலாம். சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம். உள்ளே இரத்தம்போல் தெரியும். நீரிழிவு மாத்திரை, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உட்கொள்வோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றை முதல்நாள் மாலையும் மற்றொன்றைச் சோதனை நாளன்று அதிகாலையும் குடித்தால் குடல் நன்கு சுத்தமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பலர் அந்த இரண்டாம் பாதியைப் பாத்திரத்தில் மிச்சம் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். குளிர வைத்து, உறிஞ்சுகுழலால் குடித்தால் உவர்ப்பு அவ்வளவு தெரியாது. வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக வரும் வரை குடித்து முடிக்க வேண்டும்.