உங்களுக்குத் தெரியுமா? கோப்பையைத் தூக்கிய கையும் அடிவயிற்று வலியும்

2022 ஜூலை 31. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஜெர்மனியை 2-1 என வென்று மகளிர் யூரோ கோப்பையைத் தூக்கினார் இங்கிலாந்து அணித்தலைவி லியா வில்லியம்சன். அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டு. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என வெளியே வேரூன்றுகிற நோய் இது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிப் பழுப்பாகக் குழம்பினால், ஸ்கேன் பார்ப்பவர்கள் ‘சாக்லேட் கட்டி’ என்பார்கள். பெயரில் மட்டும்தான் இனிப்பு!

உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. வலிக்கிறது என்றால் “கல்யாணமானா சரியாப்போயிடும்” என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே நோயைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

உடற்பயிற்சி இந்த நோயைக் குணப்படுத்தாது. ஆனால் நடை, நீச்சல், யோகா சிலருக்கு வலியைத் தணிக்கும். தூக்கமும் மனநிலையும் தேறும். கவனிக்க வேண்டியது இடுப்படித் தசை. வலிக்குப் பயந்து அது ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அப்போது வயிற்றுத் தசைக்கான கடும் பயிற்சி வலியைக் கூட்டக்கூடும். வலி கூடுகிற நாளில், பயிற்சியாளர் “இன்னும் பத்து” என்று எண்ணினாலும் பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி நிதானமாக மூச்சிழுங்கள். அன்றைக்கு அதுவும் பயிற்சிதான்.