சொரியாசிஸ்: தோலுக்கு அடியில் நடப்பது என்ன?

முழங்கையில் சிவந்த தடிப்பு. சொறிந்தால் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. "ஒட்டிக்கொள்ளுமோ?" என்று பக்கத்தில் உட்காரவே பயப்படுகிறார்கள்.

இதன் பெயர் "சொரியாசிஸ்". இது தொத்து நோய் அல்ல!

மேல்தோலில் புது உயிரணுக்கள் பிறந்து, மேலே வந்து, உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோய் கண்டவர்களுக்கோ, சில நாட்களிலேயே அது முடிந்துவிடுகிறது. அதனால்தான் செதில் குவிகிறது.

நார் அணுக்கள்

இந்த அவசரம் ஏன்?

மேல்தோலுக்கு அடியில் "நார் அணுக்கள்" இருக்கின்றன. தோலுக்கு உறுதி தரும் நார்களை உண்டாக்குபவை இவையே.

1985-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நடத்தியவர்கள் பிரெஞ்சு டாக்டர்கள். நோயாளியின் நார் அணுக்களின் மேல், நோய் இல்லாதவரின் மேல்தோல் அணுக்களை வளர்த்தார்கள். என்ன ஆச்சரியம்! நல்ல அணுக்களும் கிடுகிடுவென்று பெருகின!

நார் அணுக்கள் மட்டும் குற்றவாளி அல்ல. கிருமிகளை எதிர்க்கவேண்டிய வெள்ளை அணுக்கள், காரணமின்றிக் கிளம்பி அவற்றைத் தூண்டிவிடுகின்றன. அவையோ இன்னும் பல வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகின்றன!

ஆக, கோளாறு உள்ளே இருக்கிறது. தேய்த்துக் குளித்தால் போகாது. அடியோடு ஒழிக்க மருந்து இல்லை. ஆனால், அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள்.

நோயாளியை ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்!