முதுகு நடுவில் வலிக்கிறதா? மானிட்டரைக் கவனியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம், ஹார்டு டிஸ்க் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். அதை எந்த மேஜையில் வைப்பது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லேப்டாப்பை டீப்பாய் மேல் வைத்து, கட்டிலில் உட்கார்ந்து நள்ளிரவு வரை புரோகிராம் எழுதுவேன். ஆறே மாதத்தில் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே மந்தமாக ஒரு வலி. பெரிய வலி இல்லை. ஆனால் போகவும் இல்லை. தைலம் தேய்த்தேன், மெத்தையை மாற்றினேன். டீப்பாயை மட்டும் மாற்றவில்லை!

நடு முதுகில் 12 முள்ளெலும்புகள் இருக்கின்றன. விலா எலும்புகள் இவற்றோடுதான் இணைந்துள்ளன. எனவே இடுப்பைப் போல இப்பகுதி அதிகம் வளைவதில்லை. டிஸ்க் பிதுங்குவதும் இங்கே குறைவு. லேசான வலிக்குப் பெரும்பாலும் தசைகளே காரணம். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. திரை தாழ்வாக இருந்தால் தலை முன்னால் தொங்கும். அதைக் கழுத்து, முதுகுத் தசைகள் மணிக்கணக்கில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மவுஸ் தள்ளி இருந்தால் அந்தக் கைப் பக்கம் மட்டும் வலிக்கலாம்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். என் கல்லூரிப் புத்தகங்கள் நான்கை லேப்டாப்புக்கு அடியில் அடுக்கினேன் (ஒருவழியாக அவையும் பயன்பட்டன). உயர்த்திய லேப்டாப்பில் டைப் செய்வது கஷ்டம். தனியாக ஒரு யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். பைஃபோகல் கண்ணாடி அணியும் பெரியவர்களுக்குத் திரை சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எனக்கு மூன்றே வாரத்தில் வலி குறைந்தது.

என் அறை நண்பனுக்குக் குறையவில்லை. அவனும் கம்ப்யூட்டர் மேல்தான் பழி போட்டான். ஆனால் அவனுக்குப் படுத்தாலும் வலித்தது. மாலையில் லேசான காய்ச்சல், எடையும் குறைந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பில் காசநோய்! காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. எலும்பில் வந்தால் இருமலே இல்லாமல், பல மாதங்கள் வெறும் முதுகு வலியாகவே இருக்கலாம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் குணமானான்.

பித்தப்பைக் கல்லின் வலியும் வலது தோள்பட்டைக்குக் கீழே தெரியலாம். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வரும். எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்குக் கீழே விழாமலேயே முள்ளெலும்பு நொறுங்குவதுண்டு.

ஆகவே மேஜையைச் சரிசெய்தும் சில வாரங்களில் வலி குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். இரவு வலி, காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ, நெஞ்சு இறுகி மூச்சுத் திணறினாலோ கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.